தீர்க்க வருபவனும் வாங்க வேண்டியவனும்

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மய்யித்தின் வாரிசு ஸஃப்புக்கு முன்னால் வந்து நின்று, இறந்தவர் எவருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் அது இனித் தம் பொறுப்பு என்று அறிவிக்கும் வழக்கம் தமிழக மஹல்லாக்களில் பரவலாக உண்டு. போடிநாயக்கனூரிலும் உண்டு. பெரும்பாலும் அது ஒரு சடங்கைப் போல் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்பவர் தலை நிமிர்வதில்லை. கேட்பவர்களும் அடுத்த தக்பீரையே எதிர்நோக்கியிருப்பர். ஆனால் 2022-இல் நாம் கலந்துகொண்ட ஒரு ஜனாஸாவில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அவ்வறிவிப்பைத் தடுமாறாமல் செய்தார். அடுத்து வந்த மாதங்களில் அதைச் சொன்னபடி நிறைவேற்றவும் முற்பட்டார். அவர் நம்மிடம் ஓதியவர் என்பதால் அவ்வப்போது வந்து நடந்ததைச் சொல்வார். இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது அவர் கேட்ட ஒரு கேள்விதான்.

அவருடைய தந்தை போடிமெட்டுக்கு அப்பால் சிறு ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். 2018 ஆகஸ்டின் பெருமழை செடிகளை அழித்ததும், அடுத்த ஆண்டில் மழை பிந்தியதும் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைக் கண்ணால் கண்டவர்கள் உயர்ந்த குத்தகைக்குத் தோட்டம் எடுத்தார்கள். 2022-இல் அதே காய் கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ காய் கிடைக்கும். களையெடுப்புக் கூலியும் மருந்தும் உரமும் டிரையருக்கான விறகும் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. உரக்கடை, வட்டிக்குக் கொடுப்பவர், காய் வியாபாரி, உயிர் நண்பர் என்று நான்கு பக்கமும் கடன் ஏறி நின்ற நிலையில் அவர் இறந்தார்.

மகன் ஒவ்வொருவரிடமும் தாமாகவே போனார். உரக்கடைக்காரர் கணக்கு நோட்டைத் திறந்து, நின்ற தொகையில் கால் பங்கைத் தம் பேனாவாலேயே அடித்துவிட்டு, மீதியை ஆறு மாதத்தில் கொடுக்கச் சொன்னார். வட்டிக்குக் கொடுத்தவரிடம் வீட்டு நகையை விற்று அசலை முழுதாகக் கொண்டுபோனபோது அவர் முகம் வாடியது. அசலுக்கு என்ன அவசரம், மாதாமாதம் உள்ளதை மட்டும் கட்டிக்கொண்டிரு என்றார். காயாகத் திருப்பித் தருவதாகப் பேசி முன்பணம் கொடுத்திருந்த வியாபாரியோ, காய் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம் என்று தேநீர் கொடுத்து அனுப்பினார். நால்வரும் ஒரே பள்ளிவாசலில் தொழுபவர்கள். ஒரே பயானைக் கேட்பவர்கள். கொடுக்க வருபவனைக் கண்டால் வாங்க வேண்டியவர்கள் மகிழத்தானே வேண்டும், ஏன் ஹஸ்ரத் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இருக்கிறார்கள் என்று கேட்டார் அவர்.

குணம் என்று சொல்லிவிடலாம். ஒருவர் தாராளமானவர், ஒருவர் கல்நெஞ்சர் என்று பிரித்துவிட்டால் கேள்வியும் முடிந்துவிடும். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. கடன் கொடுத்தவர் அக்கடனிலிருந்து எதைப் பெற விரும்புகிறார் என்பதைப் பொறுத்தே, தீர்க்க வருபவரை அவர் எதிர்கொள்ளும் விதமும் அமைகிறது என்பது நம் கருத்து. பணத்தை விரும்புபவர் ஒரு வகை. பணம் வெளியே நிற்கும் காலத்தை விரும்புபவர் வேறொரு வகை. கடன்பட்ட ஆளையே விரும்புபவரும் உண்டு. இக்கண்ணோட்டத்தில் நபிமொழித் தொகுப்புகளிலுள்ள சில அறிவிப்புகளையும் தமிழில் நாம் வாசித்த ஒரு நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்குமுன் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். கடனைப் பற்றி நம் மிம்பர்களில் பேசப்படுவன எல்லாம் கடன்பட்டவனை நோக்கியே பேசப்படுகின்றன. மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்குத் தாமே தொழுவிக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அக்கடனைத் தம்மீது ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள் என்ற செய்தி ஆண்டுக்குப் பலமுறை சொல்லப்படுகிறது. அதன் பிற்பகுதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. வெற்றிகள் கிடைத்து பொதுநிதிக்குப் பொருள் வந்தபின், கடனோடு இறப்பவரின் கடன் இனித் தம் பொறுப்பு என்று அதே நபி (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஸகாத் பெறுவோரின் எட்டு இனங்களில் கடனாளியும் ஓர் இனம் என்பது ஓதுபவர் அனைவருக்கும் தெரியும். நம் ஜமாஅத்துகளின் ஸகாத் பங்கீட்டில் அவ்வினம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதைக் கணக்கர்கள்தாம் சொல்ல வேண்டும். முற்பகுதியை மட்டும் கேட்டு வளர்ந்த சமுதாயத்தில் கடன் கொடுத்தவர் தம்மைத் தேர்வெழுதுபவராக நினைப்பதே இல்லை; தாள் திருத்துபவராகவே நினைத்துக்கொள்கிறார்.

ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் காண்போம். அவருடைய தந்தை அப்துல்லாஹ் (ரலி) உஹதுப் போரில் ஷஹீதானார். பெண்மக்களும் கடனும் ஜாபிர் தலைமேல் விழுந்தன. தோட்டத்துப் பேரீச்சங்கனி முழுவதையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும்படி கடன் கொடுத்தவர்களிடம் பேசப்பட்டது, அவர்கள் இணங்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் நேரில் வந்து, கனிக் குவியல்களுள் பெரியதை மும்முறை சுற்றிவந்து, அதனருகில் அமர்ந்து அளக்கச் சொன்னார்கள். கடன் முழுவதும் தீர்ந்த பிறகும் குவியல் குறையாதது போலவே இருந்தது. விரிவுரைகளும் நம் பேச்சாளர்களும் இதை அபிவிருத்தியின் அற்புதமாகவே எடுத்தாளுகின்றனர், அதில் பிழையில்லை. ஆனால் அறிவிப்பின் நடுவே ஜாபிர் ஒரு சிறு செய்தியைச் சொல்லிச் செல்கிறார். நபியவர்களைக் கண்ட அந்த நொடியில் கடன்காரர்கள் தம்மீது முன்னிலும் முனைப்பாகத் திரும்பினார்கள் என்பதே அது.

உலகியல் அறிந்தவருக்கே விளங்கக்கூடிய குறிப்பு இது. பரிந்துபேசப் பெரியவர் ஒருவர் வந்தால் கடன் கொடுத்தவர் இளகுவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. ஓர் இளைஞனுக்குப் பின்னால் இத்தகைய ஒருவர் நிற்கிறார் என்று கண்டதும், இவனிடமிருந்து முழுதும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டும். இரக்கம் குறைந்தது என்பதைவிட எதிர்பார்ப்பு கூடியது என்பதே பொருத்தம். ஓடி ஒளிந்தவனின் கடனைப் பாதிக்கு முடித்துக்கொள்ளும் வங்கி, தவணை தவறாமல் கட்டுபவனுக்கு ஒரு ரூபாயும் தள்ளாததற்குக் காரணமும் இதுவே. தலைமறைவானவன் ஏட்டில் வெறும் எழுத்தாகிவிட்டான். பாதிப் பணத்தோடு வாசலுக்கு வருபவனிடமோ மறுபாதியும் இருக்கக்கூடும். நேர்மையாளன் தன் நேர்மையாலேயே கடினமாக நடத்தப்படுகிறான் என்பது கசப்பான உண்மை. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கும் அவரிடம் கடன்பட்டவருக்கும் பள்ளிவாசலுக்குள் குரல் உயர்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் அறைத் திரையை விலக்கிக் கையால் பாதி என்று சைகை காட்டினார்கள். கஅப் இசைந்ததும், மற்றவரை எழுந்துபோய் இப்போதே கொடுக்கும்படி சொன்னார்கள். தள்ளுபடியும் கொடுப்பும் ஒரே அமர்வில் முடிந்ததனால், மறுபாதியைப் பற்றிய கணக்கு எவர் மனத்திலும் எழ இடமில்லாமல் போயிற்று. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் தள்ளுபடியை இன்று பேசி, கொடுப்பை அடுத்த மாதத்துக்கு வைப்பார்கள்; அடுத்த மாதம் மறுபடியும் பஞ்சாயத்து கூடும்.

ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்களின் கடன் பற்றிய நெடிய அறிவிப்பு இப்பொருளில் நம்மிடமுள்ள பெருஞ்செல்வம். ஸஹீஹுல் புகாரியில் இது போர்ப் பொருள் பற்றிய பகுதியில் இடம்பெற்றிருப்பதால் கடன் பாடம் நடத்தும்போது பலர் இதைத் தொடுவதில்லை. ஜமல் போரன்று ஸுபைர் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தம் பெருங்கவலை கடனே என்று சொல்கிறார். சொத்தை விற்றுத் தீர்க்கச் சொல்கிறார். முடியாதபோது தம் மவ்லாவிடம் உதவி கேள் என்கிறார். மவ்லா யார் என்று மகனுக்கு விளங்கவில்லை. அல்லாஹ் என்று விடை வருகிறது. கடன் 22 இலட்சம். ரொக்கமாக ஒன்றுமில்லை, நிலங்களும் வீடுகளும் மட்டுமே. இக்கடன் எவ்வாறு வந்தது என்பதையும் அறிவிப்பு சொல்கிறது. மக்கள் அமானிதமாக வைக்கக் கொண்டுவந்த பணத்தை, தொலைந்துபோனால் அவர்களுக்கு நட்டமாகிவிடும் என்று அஞ்சி, அமானிதமாக அன்றிக் கடனாகவே ஏற்றுக்கொள்வது அவர் வழக்கம். அமானிதம் காப்பவரின் குற்றமின்றித் தொலைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை; கடன் தொலைவதே இல்லை. பிறர் நலத்துக்காகத் தம் தலையில் சுமையை ஏற்றிக்கொண்டவரின் கடன் இது.

மகன் செய்வதைக் கவனிப்போம். ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) சந்தித்துக் கடன் எவ்வளவு என்று கேட்டபோது அவர் முழுத் தொகையையும் சொல்லவில்லை. ஒரு இலட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாது என்று ஹகீம் கவலைப்பட்டபின்தான் 22 இலட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். இதற்கு விரிவுரையாளர்கள் பல காரணம் கூறுவர். நமக்குத் தோன்றுவது இது: நிலத்தை விற்று முடிக்குமுன் கடனின் பருமன் வெளியே தெரிந்தால், வாங்க வருபவன் நிலத்தை நிலத்தின் விலைக்குக் கேட்கமாட்டான், விற்பவனின் நெருக்கடியின் விலைக்கே கேட்பான். ஸுபைர் 1,70,000-க்கு வாங்கிய ‘ஃகாபா’ நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோயிற்று. அவசரக் கடனாளியின் நிலம் அவ்வாறு போகாது. போடியில் தோட்டம் விற்க வந்தவர் இருமுறை வட்டிக்கடைப் பக்கம் போனது தெரிந்தாலே விலை இறங்கிவிடும் என்பதை அறியாதார் இல்லை.

பின்னர் அவர் கடன் கொடுத்த அனைவரையும் அந்நிலத்துக்கே வரச் சொன்னார். 4 இலட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) வந்து, விரும்பினால் விட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மகன். அப்படியானால் பிற்படுத்துவோர் வரிசையில் என்னை வையுங்கள் என்றார். அதுவும் வேண்டாம் என்றார். சரி, எனக்கொரு துண்டு நிலத்தை அளந்து கொடுங்கள் என்றார். இங்கிருந்து இதுவரை உமக்கு என்று அளந்து கொடுக்கப்பட்டது. பிற்பாடு அவர் அதை முஆவியா (ரலி) அவர்களுக்கு 6 இலட்சத்துக்கு விற்றார் என்பதையும் அறிவிப்பாளர் மறைக்கவில்லை. முழுவதையும் விட்டுக்கொடுக்க முன்வந்தவருக்கு 2 இலட்சம் மேலாகக் கிடைத்தது. கடன் முடிந்தபின் வாரிசுகள் பாகம் பிரிக்கச் சொன்னபோதும், நான்கு ஹஜ்ஜுக் காலங்களில் கூவி அறிவித்து, இனி வருபவர் எவருமில்லை என்று உறுதிசெய்த பிறகே பாகம் பிரித்தார். (இவ்வறிவிப்பின் இறுதியில் வரும் மொத்தத் தொகைக் கணக்கு ஒத்துவராததைப் பற்றி இப்னு ஹஜர் விரிவாகப் பேசுகிறார். ஓதும் காலத்தில் அப்பக்கங்களில் நாம் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் தலை சுற்றுகிறது.)

தள்ளுபடியை மகன் ஏன் மறுத்தார்? பெருமிதம் என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. ஒருவரிடம் தள்ளுபடி பெற்றால் அடுத்தவரிடமும் பெற வேண்டிய நிலை வரும். தள்ளாதவர் கஞ்சர் எனப்படுவார். கொடுப்பதற்கு வழி இருக்கும்போது பிறர் பெருந்தன்மையைச் செலவழிப்பதும் ஒருவகை வீண்செலவே. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசமும், அதனினும் சிறப்பாகத் தள்ளுபடியும் அல்பகரா அத்தியாயம் 280-ஆம் வசனத்தில் அறிவுறுத்தப்படுகின்றன. வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. வசனத்தின் சலுகை நெருக்கடிக்கு உரியது. நிலம் இருந்தவரை அப்துல்லாஹ் தம்மை நெருக்கடிக்காரராகக் கருதிக்கொள்ளவில்லை.

இனி, கடனிலிருந்து ஆளைப் பெற விரும்பியவர்களிடம் வருவோம். டாக்டர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007-இல் வெளிவந்தது. 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்தின் மூலம் பலர் அதை அறிவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றியவர் டேனியல், கண்டதை எழுதியவர். திருநெல்வேலிச் சீமையின் பஞ்சத்திலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறும் கருப்பனும் வள்ளியும், ஆண்டு முடிவில் கணக்கு முடித்து ஊர் திரும்பலாம் என்று நம்புகிறார்கள். கணக்கு நாளன்று அரிசியும் கம்பளியும் நோய்நாளும் கழிக்கப்பட்டு, உழைப்பு முழுவதும் போனபின்னும் கடன் நிற்கிறது. நாவலின் உயிர்நிலை அங்குதான் இருக்கிறது. கொள்ளைநோயும் அட்டையும் அடியும் நம்மை வருத்துகின்றன, அக்கணக்கோ அச்சுறுத்துகிறது. ஏனெனில் அங்கே கடன்பட்டவர்கள் அடைக்க மறுத்தவர்கள் அல்லர். அடைப்பதற்கென்றே ஓராண்டு உயிரைக் கொடுத்தவர்கள். அவர்கள் அடைத்துவிடக் கூடாது என்பதே கொடுத்தவரின் நோக்கம். கடன் தீர்ந்தால் கூலியாள் போய்விடுவான்.

நாவலின் மீது நமக்கொரு குறையும் உண்டு. மேஸ்திரி அதில் பெரும்பாலும் வஞ்சகனாகவே வந்துபோகிறான். வரலாற்றில் கங்காணியும் மேஸ்திரியும் தாமே தோட்டத்துக்குக் கடன்பட்டவர்கள். முன்பணத்துக்குத் துரையிடம் பொறுப்பேற்றவர்கள். தம் கீழுள்ளவர் வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவர்கள். ஒரு கூலியாள் கணக்கு முடித்துக்கொண்டு இறங்கினால் இவன் வருமானம் குறையும். தன் கடனும் அப்படியே நிற்கும். இதைக் காட்டியிருந்தால் அவன் கொடுமை குறைந்திருக்காது, விளங்கியிருக்கும். இலங்கையின் மலைத்தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இன்னின்ன ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். கூடுதலாகக் கொடுக்கும் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை புதிய ஏட்டில் அதே ஆட்களின் பேரில் ஏறும். கடன் தீர்க்கப்படுகிறது; கடனாளியின் கடன் மட்டும் தீர்வதில்லை. 1921-இல் சட்டம் அதை ஒழித்தது. தமிழில் கணக்கேட்டின் இடப்பக்கத்துக்குப் ‘பற்று’ என்று பெயர் வைத்தவர் எவராயினும் அவர் சொல்லின் இருபொருளையும் அறிந்தவர்.

இங்கே அல்பகராவின் 282-ஆம் வசனத்தை நினைக்காமல் இருக்க இயலாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம்; கடனை எழுதிக்கொள்வது பற்றியது. எழுத வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வர். எழுதுபவருக்கு வாசகம் சொல்ல வேண்டியவர் யார் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அல்லர். எவர்மீது பொறுப்பு நிற்கிறதோ அவரே சொல்ல வேண்டும். அவர் இயலாதவராயின் அவருக்காக நிற்பவர் நீதியோடு சொல்ல வேண்டும். ஏட்டைக் கொடுத்தவன் கையிலும் பேச்சைக் கடன்பட்டவன் வாயிலும் வைத்த ஏற்பாடு இது. தோட்டக் கணக்கு இதை அப்படியே தலைகீழாக்கியது. எழுதியவன் அவன், சொன்னவனும் அவன், மற்றவனுக்கு விரல்ரேகை மட்டும் மிஞ்சியது. கடலில் மரக்கட்டைக்குள் ஆயிரம் தீனாரை வைத்து அனுப்பிய இஸ்ரவேலரின் செய்தியை அறிவோம். கப்பல் கிடைக்காமல் அவ்வாறு அனுப்பிவிட்டு, சேர்ந்ததோ இல்லையோ என்று பிறகு இன்னொரு ஆயிரத்தோடு வந்து நிற்கிறார். கடன் கொடுத்தவரோ விறகுக்கென்று எடுத்துச்சென்ற கட்டையைப் பிளந்தபோதே முதல் ஆயிரத்தைக் கண்டெடுத்துவிட்டார். கண்டதைச் சொல்லாமல் இரண்டாவதையும் வாங்கியிருந்தால் உலகில் எவருக்கும் தெரியாது. நீர் அனுப்பியதை அல்லாஹ் சேர்த்துவிட்டான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அனுப்பியவரின் நம்பிக்கையைப் போற்றும் நாம், பெற்றதைப் பெற்றேன் என்று சொன்னவரைப் போற்ற மறந்துவிடுகிறோம்.

ஆளைப் பிடித்துவைக்கும் ஆசை தேயிலையோடு பிறந்ததன்று. பரீரா (ரலி) தம் விடுதலைக்காக ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா தருவதாக எசமானர்களிடம் எழுதிக்கொண்டவர். ஆயிஷா (ரலி) முழுவதையும் ஒரே தடவையில் எண்ணிக் கொடுக்க முன்வந்தபோது, அவர்கள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. விடுதலைக்குப் பின்னுள்ள ‘வலா’ என்னும் உறவுரிமை தங்களுக்கே வேண்டும் என்றார்கள். பணம் முழுதாக வந்த நாளில்தான், அவர்கள் பணத்தை மட்டும் விரும்பவில்லை என்பது வெளிப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்நிபந்தனையை மிம்பரில் ஏறியே நிராகரித்தார்கள். இன்று தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும் தொழிலாளர்களுள் மிகப் பலர் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். தன் வீட்டில் உறங்கும் கடனாளியைப் பிடித்துவைப்பது கடினம் என்பது அவர்களுக்குக் கிடைத்த பேறு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செய்ததில் ஒரு பகுதியையாவது மலைப்பாதையும் ஜீப்பும் செய்திருக்கின்றன.

வட்டிக்குக் கொடுத்தவரின் வாடிய முகத்துக்கு அதிக விளக்கம் தேவையில்லை. அவர் விற்பது பணத்தை அன்று, காலத்தை. அசலைத் திருப்புபவர் அவருடைய கடையை மூடுகிறார். வங்கிகளும் இவ்வுளப்பாங்குக்கு விலக்கல்ல. முன்கூட்டிக் கடன் தீர்ப்பவரிடம் அபராதம் வாங்கின. மாறும் வட்டியிலான வீட்டுக்கடனில் அதை 2012-இல் ரிசர்வ் வங்கி தடுத்தது. 2025 ஜூலையில் வெளியிட்டு 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்குப் பொருந்தச் செய்த நெறிமுறையால் அத்தடையை மேலும் விரித்தது. ஹனஃபி ஃபிக்ஹில் தவணை என்பது கடன்பட்டவரின் உரிமை. அதை விட்டுக்கொடுத்து முன்னரே அவர் செலுத்தினால் மறுக்க இடமில்லை. மின்ஹாஜ் ஓதியவர்கள் ஸலம் பாடத்தில் ஒரு நயத்தைக் கண்டிருப்பர்: முன்கூட்டிக் கொண்டுவரப்பட்டது தீனி போட வேண்டிய கால்நடையாக இருந்தாலோ, கொள்ளை அச்சமுள்ள காலமாக இருந்தாலோ மறுக்கலாம். காரணமற்ற மறுப்பு ஏற்கப்படாது. கந்துவட்டியை ஒடுக்க வந்த 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் கடன்பட்டவர் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி மனுச்செய்ய வழி வைத்திருக்கிறது. பணத்தை வாங்க மறுக்கும் கடன்காரர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

காய் வியாபாரியின் நிலை சற்றே சிக்கலானது. அவரை வட்டிக்காரரோடு சேர்த்துவிடக் கூடாது. விலை ஏறிய 2019-இல் முன்பணம் வாங்கியவர்கள் பணமாகத் திருப்ப வந்தால், வியாபாரிகள் காய்தான் வேண்டும் என்றிருப்பர்; விலை இறங்கிய 2022-இல் பணம்தான் வேண்டும் என்கிறார்கள். ஏறினால் அது கொள்முதல். இறங்கினால் அது கடன். இவ்விரண்டும் ஒரே ஒப்பந்தமாக இருக்க முடியாது. ஸலம் என்றால் விலை முழுவதும் அன்றே கொடுக்கப்பட்டு, காயின் பருமனும் நிறமும் எடையும் ஒப்படைக்கும் நாளும் பேசப்பட்டிருக்க வேண்டும். ஹிதாயாவின்படி இன்ன தோட்டத்துக் காய் என்று குறிப்பதும் ஆகாது, அத்தோட்டம் காய்க்காமல் போகலாம். அன்றைய விலையில் இவ்வளவு குறைத்து எனக்கே தர வேண்டும் என்று பேசி முன்பணம் கொடுப்பது ஸலமும் அன்று; இலாபம் நிபந்தனையிட்ட கடன் அது, அதற்குரிய பெயர் ஓதியவர்களுக்குத் தெரியும். இளைஞரின் தந்தை பேசியதை எழுதிவைக்கவில்லை. சாட்சியும் இல்லை. வெறும் பணக்கடனாகக் கொண்டு கொடுத்த தொகையை அப்படியே பணமாகத் திருப்பினால் இருவருக்கும் அநீதியில்லை என்று சொன்னோம். ஓராண்டில் தவணையாகத் தீர்த்தார். நட்டத்தில் தாம் பங்கேற்கவில்லையென்று வியாபாரிக்கு இன்றும் தோன்றவில்லை. ஏலமும் சந்தையும் கற்பித்தது அவ்வளவுதான் போலும்.

எஞ்சியவர் நண்பர். அவர் வாங்கவுமில்லை, விட்டுவிட்டேன் என்று சொல்லவுமில்லை. ஒவ்வொரு முறையும் அப்புறம் பார்க்கலாம் என்றார். ஊரில் எவர் கேட்டாலும், அவன் குடும்பம் எனக்கு இவ்வளவு தர வேண்டும், நான் வாய் திறப்பதில்லை என்பாராம். கடுஞ்சொல் பேசிய கடன்காரரிடமிருந்து தம்மைக் காத்தபோது, உரிமையுடையவர் பேச உரிமையுண்டு என்று தோழர்களை அமைதிப்படுத்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். பேசாமலிருக்கும் கடன்காரருக்கு எதைச் சொல்வது? அவர் விரும்பியது பணத்தையோ வட்டியையோ வேலையாளையோ அன்று. நண்பனின் வீடு தமக்குத் தலைவணங்கி நிற்பதை விரும்பினார் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவரே அதை அறியாமல் இருக்கலாம்.

பொருளை உரியவரின் கைக்கெட்டும் இடத்தில் தடையின்றி வைத்து விலகுவதே ஒப்படைப்பாகக் கருதப்படும் ‘தக்லியா’ என்ற கருத்து ஹனஃபி நூல்களில் உண்டு. அதைச் சொல்லி, இரண்டு பேரை உடன் அழைத்துப் போகும்படி இளைஞரிடம் கூறினோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனார்கள். அத்தா உங்களிடம் வாங்கியது இது மாமா என்று உறையை முக்காலியின்மேல் வைத்துவிட்டு இளைஞர் எழுந்து நின்றிருக்கிறார். பெரியவர் உறையைத் தொடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே திரும்பி, நான்கு பேருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னாராம்.